லிப்ரவில் 2012: ஜாம்பியா ஜெயித்தது விதியாலா, ஆட்டத்தாலா?

#1 – வடகரை பாலா

நேற்று ஒரு நண்பரோடு வாக்குவாதம். 2012 ஆப்பிரிக்கக் கால்பந்துக் கோப்பையை ஜாம்பியா ஜெயித்ததைப் பற்றிப் பேச்சு வந்ததும், "அது மேலே எழுதி வச்சது, யாராலும் தடுத்திருக்க முடியாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இப்படிச் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு பொறுப்பதில்லை. அதனால்தான் இந்த இழை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1993 ஏப்ரல் 27 இரவு, ஜாம்பியா அணி போன ராணுவ விமானம் காபோன் நாட்டுத் தலைநகர் லிப்ரவில்லில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு கிளம்பியது. கிளம்பிய சில நிமிடங்களில் கரைக்குப் பக்கத்திலேயே கடலில் விழுந்தது. விமானத்தில் இருந்த 30 பேரும் போய்விட்டார்கள். அதில் 18 பேர் ஆட்டக்காரர்கள். 19 ஆண்டு கழித்து, 2012 பிப்ரவரி 12 அன்று, அதே லிப்ரவில்லில் ஆப்பிரிக்கக் கோப்பை பைனல். ஒரு பக்கம் ட்ரோக்பா, யாயா தூரே, கோலோ தூரே, ஜெர்வினியோ என்று ஐவரி கோஸ்ட். மறுபக்கம் உலக ரேங்கிங்கில் 71ஆம் இடத்தில் இருந்த ஜாம்பியா. 120 நிமிடம் 0-0. பெனால்டியில் 8-7 என்று ஜாம்பியா ஜெயித்தது.

கேட்டதும் மயிர்க்கூச்செறியும் கதைதான், மறுக்கவில்லை. அன்றைக்கு நம்மூர் நேரம் நள்ளிரவு 1 மணிக்கு ஆட்டம். கம்ப்யூட்டரில் படம் நின்று நின்று வந்தது. கடைசி கிக் உள்ளே போனபோது நானும் அழுதேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தத் தொடரில் பைனலுக்கு முன்பு ஜாம்பியா லிப்ரவில்லில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. போட்டியை காபோனும் எக்குவடோரியல் கினியும் சேர்ந்து நடத்தின. ஜாம்பியா ஆடிய லீக் ஆட்டங்கள், காலிறுதி, அரையிறுதி எல்லாமே எக்குவடோரியல் கினியில். செனகலை 2-1, உள்ளூர் அணியை 1-0, சூடானை 3-0, கானாவை 1-0 என்று ஒவ்வொன்றாக ஜெயித்துத்தான் அந்த ஊருக்குள் கால் வைத்தார்கள். லிபியாவோடு மட்டும் மழையில் ஊறிய தரையில் 2-2. விதி யாரையும் கைப்பிடித்து அழைத்துப் போகவில்லை. எல்லாவற்றையும் விதியின் கணக்கில் எழுதிவிட்டால், அந்த 23 பேர் செய்த வேலைக்கு என்ன மரியாதை?

#2 – பந்துபொறுக்கி

அண்ணா, சின்ன சந்தேகம். 1993ல அவங்க காபோன் கூட விளையாடத்தானே போனாங்க? அப்புறம் ட்ரோக்பா ஷூட்அவுட்ல மிஸ் பண்ணதாலதான் தோத்தாங்கன்னு ஞாபகம்.

#3 – வடகரை பாலா

ரெண்டும் இல்லை தம்பி. 1993ல் அவர்கள் போனது செனகலுக்கு, டக்காரில் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்துக்காக. காபோன் வழியில் இறங்கிய இடம் மட்டும்.

ட்ரோக்பா தவறவிட்டது ஆட்ட நேரத்துக்குள், 70ஆம் நிமிடத்தில். பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. ஷூட்அவுட்டில் தன் கிக்கை ஒழுங்காகவே அடித்தார். அங்கே தவறவிட்டது கோலோ தூரேயும் ஜெர்வினியோவும்.

இன்னொன்று, ஐவரி கோஸ்ட் அந்தத் தொடர் முழுவதும் ஆறு ஆட்டத்தில் ஒரு கோல்கூட வாங்கவில்லை. ஒரு கோலும் வாங்காமலே கோப்பையை இழந்தார்கள். அவர்கள் மீதும் எனக்குப் பரிதாபம் உண்டு.

#4 – முத்தரசி

பாலா, நீங்க சொல்றதுல பாதிதான் ஒத்துக்கிறேன்.

பைனலுக்கு முன்னாடி அந்த டீம் மொத்தமும் கடற்கரைக்குப் போச்சு. விமானம் விழுந்த கடலைப் பார்த்து நின்னு, பூவைத் தண்ணியில விட்டாங்க. கூட யார் இருந்தா? கலுஷா புவால்யா. 1993ல அந்த விமானத்துல ஏறாம தப்பிச்ச கேப்டன், 2012ல அந்த நாட்டுக் கால்பந்து சங்கத் தலைவர். பெனால்டி நடக்கும்போது பசங்க வரிசையா முட்டி போட்டுப் பாடிட்டு இருந்தாங்க. அவங்களே இறந்தவங்களை மனசுல வச்சுத்தான் ஆடினாங்க. அதைக் கதையில இருந்து வெட்டி எடுத்துட்டு 'வெறும் ஆட்டம்'னு சொன்னா அதுவும் அவங்களுக்குச் செய்யற மரியாதைக் குறைவுதான்.

#5 – கிட்வே வாத்தியார்

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஜாம்பியாவின் செப்புச் சுரங்கப் பகுதியில், கிட்வே நகரில், ஒன்பது ஆண்டு கணக்கு ஆசிரியராக வேலை பார்த்தவன். 1993ல் அங்கேதான் இருந்தேன்.

முதலில் அந்த அணி எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். இப்போது எல்லோரும் ஜாம்பியாவைச் 'சின்ன டீம்' என்று எழுதுகிறீர்கள். 1993ல் அப்படி இல்லை. 1988 சியோல் ஒலிம்பிக்கில் இத்தாலியை 4-0 என்று அடித்தவர்கள் அவர்கள். அதில் மூன்று கோல் கலுஷாவுடையது. 1991ல் எங்கள் கிட்வேயின் பவர் டைனமோஸ் கிளப் ஆப்பிரிக்கக் கோப்பை வெற்றியாளர்கள் கோப்பையையே தூக்கியது. சுரங்க நகரம் ஒவ்வொன்றிலும் ஒரு கிளப். சுரங்கக் கம்பெனிதான் கிளப்பை நடத்தும், ஆட்டக்காரருக்கு வேலை கொடுக்கும், மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும். ஞாயிறு மாலை ஷிப்ட் முடிந்து வருபவர்கள் நேராக மைதானத்துக்குத்தான் வருவார்கள். என் வகுப்பில் பையன்கள் முக்கோணவியலை மறந்தாலும் அணிப் பட்டியலை மறக்க மாட்டார்கள்.

ஏப்ரல் 25, ஞாயிற்றுக்கிழமை. மொரீஷியஸில் 3-0 வெற்றி. மூன்று கோலும் கெல்வின் முட்டாலே போட்டது. திங்கட்கிழமை பள்ளி முழுக்க அந்தப் பேச்சு. அமெரிக்காவில் நடக்கப்போகும் 1994 உலகக் கோப்பைக்கு இந்தத் தடவை போயே தீருவோம் என்று பையன்கள் சத்தியம் செய்தார்கள். புதன்கிழமை காலை நான் பள்ளிக்குப் போனபோது மைதானத்தில் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக நின்றிருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. வாட்ச்மேன் அறையில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் கோட்ஃப்ரி சிட்டாலு, துணைப் பயிற்சியாளர் அலெக்ஸ் சோலா, கோல்கீப்பர் எஃபோர்ட் சபாலா, அந்த முட்டாலே, எல்லோரும். சிட்டாலு என்றால் அந்த நாட்டின் ஆகப்பெரிய கோல் வேட்டைக்காரர். நம் ஊரில் ஒரு தலைமுறையே ஒருவர் பெயரைச் சொல்லி வளரும் அல்லவா, அப்படி. அன்றைக்கு நான் பாடம் எடுக்கவில்லை.

முத்தரசி சொன்னதில் ஒரு விவரம் சேர்க்கிறேன் அம்மா. கலுஷா தப்பித்தது அதிர்ஷ்டத்தால் மட்டும் அல்ல. அவர் அப்போது ஹாலந்தில் பி.எஸ்.வி. ஐந்தோவன் அணியில். அங்கிருந்து நேராக டக்காருக்கு வருவதாகத்தான் ஏற்பாடே. ஐரோப்பாவில் ஆடிய இன்னும் ஓரிருவரும் அந்த விமானத்தில் இல்லை.

லுசாகாவில் இண்டிபெண்டன்ஸ் ஸ்டேடியத்துக்குப் பக்கத்திலேயே அத்தனை பேரையும் புதைத்தார்கள். அப்போது ஆட்டம் பார்க்கப் போனவர்கள் சமாதிகளைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது.

#6 – செல்வின்

சார், படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுத வரல.

அந்த ஊர்ல ராணுவ விமானத்துல ஏன் அனுப்பினாங்க? சாதாரண பயணிகள் விமானம் இல்லையா?

#7 – கிட்வே வாத்தியார்

காசு இல்லை தம்பி. செம்பு விலை விழுந்ததிலிருந்து நாடே கடனில். அணியைப் பயணிகள் விமானத்தில் அனுப்பக் கட்டுப்படி ஆகவில்லை. ஆகவே விமானப்படையின் சரக்கு விமானம். ஒரே மூச்சில் அவ்வளவு தூரம் போக அதனால் முடியாது. பிரஸாவில், லிப்ரவில், அபிஜான் என்று இறங்கி இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு டக்கார் போவதாகத் திட்டம்.

#8 – இறக்கை

விமானப் பராமரிப்பில் இருப்பவன் என்ற முறையில் விசாரணை அறிக்கை பற்றிச் சொல்கிறேன். அறிக்கை வெளியே வரவே பத்து வருடம் ஆனது, 2003இல்தான்.

விமானம் டிஹேவிலாண்ட் பஃபலோ. இரண்டு எஞ்சின் உள்ள, குட்டையான ஓடுபாதையிலும் இறங்கக்கூடிய சரக்கு விமானம். மாதக்கணக்கில் பறக்காமல் நின்றுவிட்டு, அந்த ஏப்ரலில்தான் மறுபடி பறக்க ஆரம்பித்திருந்தது. லிப்ரவில்லிலிருந்து மேலே ஏறும்போது இடது எஞ்சினில் தீப்பிடித்தது. பைலட் அணைத்தது வலது எஞ்சினை. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததும் நின்றுபோனதும் மேலே ஏறச் சக்தி இல்லை. ஏன் தப்பான எஞ்சினை அணைத்தார்? எச்சரிக்கை விளக்கில் கோளாறு என்றும், பைலட் களைப்பில் இருந்தார் என்றும் அறிக்கை சொல்கிறது. முந்தின நாள்தான் மொரீஷியஸிலிருந்து அணியைக் கூட்டிக்கொண்டு வந்தவர் அவர்.

இதை எதற்கு இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், 'விதி' என்ற சொல்லில் எனக்கும் சங்கடம் இருக்கிறது. பல்பு, ஓய்வு, டிக்கெட் காசு. மூன்றுமே மனிதர் கையில் இருந்தவை. 1993ஐ விதி என்று சொன்னால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குடும்பங்கள் பத்து வருடம் அறிக்கைக்காகக் காத்துக்கிடந்தன.

#9 – முத்தரசி

இதை ஒத்துக்கிறேன் இறக்கை. 1993க்கு விதிங்கிற வார்த்தை வேண்டாம்.

ஒண்ணு கவனிச்சீங்களா? லிப்ரவில் விட்டா அடுத்து இறங்க வேண்டிய ஊர் அபிஜான். ஐவரி கோஸ்டோட பெரிய நகரம். 2012ல எதிர்ல நின்னதும் ஐவரி கோஸ்ட். எனக்கு இதைப் படிச்சப்ப உடம்பு சிலிர்த்துச்சு.

#10 – மஞ்சள் ஜெர்சி

கதை உருக்கம்தான், ஆனா 'யாரும் எதிர்பாராத சாம்பியன்' வரிசையில 2004 கிரீஸ்தான் முதல் என்பது என் கட்சி. அதுக்கு முன்னாடி பெரிய போட்டி எதிலும் ஒரு ஆட்டம்கூட ஜெயிச்சதில்லை. ஐரோப்பியக் கோப்பையான யூரோவுக்கு வந்து, போட்டியை நடத்தின போர்ச்சுகலை முதல் ஆட்டத்திலும் பைனலிலும் ரெண்டு தடவை அடிச்சாங்க. 1992 டென்மார்க் தகுதியே பெறல, யூகோஸ்லாவியா விலக்கப்பட்டதால உள்ளே வந்து கோப்பையை எடுத்துட்டுப் போனாங்க. 2007ல ஈராக், ஊருக்குள்ள குண்டு வெடிச்சிட்டு இருந்த நேரத்துல ஆசியக் கோப்பை.

#11 – வடகரை பாலா

எல்லாமே பெரிய கதைகள்தான், வரிசைப்படுத்த மனமில்லை. ஆனால் ஒரு வித்தியாசம். கிரீஸும் டென்மார்க்கும் தற்காத்து ஆடி, எதிராளியைக் களைக்க வைத்து ஜெயித்தவை. கிரீஸ் காலிறுதி, அரையிறுதி, பைனல் மூன்றையும் 1-0 என்றுதான் ஜெயித்தது. ஜாம்பியா அப்படி ஆடவில்லை. லிப்ரவில் பைனலின் முதல் நிமிடங்களை மறுபடி பாருங்கள். கார்னரை நேராகத் தூக்கிப் போடாமல் சின்னதாகத் தட்டி, சிங்காலாவுக்குக் கொடுத்து, அவர் அடித்ததைக் கோல்கீப்பர் பாரி காலால் தடுத்தார். பயிற்சியில் பலமுறை செய்து பார்த்தால் ஒழிய அது வராது. கூடுதல் நேரத்தில் கேப்டன் கிறிஸ்டோபர் காட்டோங்கோ அடித்த பந்து கம்பத்தில் பட்டது. இரண்டாம் பாதியில் ஐவரி கோஸ்ட் நெருக்கியது உண்மை, ஆனால் பயந்து பின்னால் ஒதுங்கிக் கிடந்த அணி அல்ல அது.

இந்த ஒத்திகைக்கு வேர் 2010இல் இருக்கிறது. அங்கோலாவில் நடந்த போட்டியில் இதே கோச், பிரான்ஸ்காரர் எர்வே ரெனார், கேமரூன் இருந்த பிரிவில் ஜாம்பியாவை முதலிடத்துக்குக் கொண்டு வந்தார். காலிறுதியில் நைஜீரியாவிடம் 0-0, பெனால்டியில் தோல்வி. கோல்கீப்பர் முவீனே, கலாபா, கேப்டன் காட்டோங்கோ எல்லோரும் அன்றும் இருந்தார்கள். இரண்டே வருடத்தில் அதே ஆட்கள் மறுபடி பெனால்டிக்கு நின்றார்கள். ரெனார் நடுவில் வேறு வேலைக்குப் போய்விட்டு 2011 கடைசியில்தான் திரும்பி வந்தார். வந்ததும் கண்டிப்பு. போட்டி நடுவிலேயே ஒழுங்கு மீறிய ஒரு ஆட்டக்காரரை வீட்டுக்கு அனுப்பினார். 71ஆம் இடத்து அணி ஒரு ஆளைக் குறைத்துக்கொள்ளத் துணிவது சின்ன முடிவு இல்லை.

அணியில் பலருக்கு ஐரோப்பாவின் பெரிய கிளப் எதுவும் இல்லை. சுன்சு, கலாபா காங்கோவின் மசெம்பே கிளப்பில். முவீனே தென்னாப்பிரிக்காவில். கேப்டன் காட்டோங்கோ சீனாவில். பெலிக்ஸ் காட்டோங்கோ உள்ளூரில். இவர்கள் ஒருவரையொருவர் அறிந்த அளவுக்கு ஐவரி கோஸ்டின் நட்சத்திரங்கள் அறிந்திருக்கவில்லை என்பது என் கணிப்பு.

#12 – செல்வின்

நான் எங்க கடற்கரை கிராமத்துல சின்னப் பசங்களுக்கு கோல்கீப்பிங் சொல்லித் தர்றேன். அதனால முவீனே பத்தி மட்டும் எழுதறேன்.

கானாவோட அரையிறுதி. எட்டாவது நிமிஷத்துலயே பெனால்டி. அடிக்க வந்தது அசமோவா கியான். உள்ளே போயிருந்தா அங்கேயே முடிஞ்சிருக்கும். முவீனே தடுத்தாரு. அப்புறம் 78வது நிமிஷத்துல, மாற்று வீரரா வந்த மயூகா ஒரே திருப்பல்ல கோல்.

பைனல் ஷூட்அவுட்ல ஐவரி கோஸ்ட் மூணாவது கிக், சோல் பம்பா அடிச்சதை முவீனே தடுத்துட்டாரு. ஆனா கோல் கோட்டுல நிக்காம முன்னாடி வந்துட்டாருன்னு நடுவர் மறுபடி அடிக்கச் சொன்னாரு. ரெண்டாவது தடவை உள்ளே போச்சு. அந்த நேரத்துல ஒரு கீப்பருக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். தலை சூடாகி அடுத்த நாலு கிக்கும் போயிடும். இந்த ஆள் என்ன பண்ணாரு? அஞ்சாவது கிக்கை, டீமை உயிரோட வச்சிருக்க வேண்டிய கிக்கை, தானே வந்து வச்சு கோல் போட்டாரு. அப்புறம் எட்டாவதா வந்த கோலோ தூரேயைத் தடுத்தாரு.

அதுக்கடுத்து கலாபா போட்டிருந்தா கோப்பை. மேலே அடிச்சுட்டாரு. உடனே ஜெர்வினியோ வந்து அவரும் மேலே. அப்புறம் சுன்சு உள்ளே போட்டாரு, கோப்பை.

என் பசங்களுக்கு இந்த வீடியோவைத்தான் போட்டுக் காட்டறேன். பம்பா கிக்குக்கு அப்புறம் முவீனே முகத்தை மட்டும் பாருங்கடான்னு.

#13 – பந்துபொறுக்கி

கிட்வே சார், 1993க்கு அப்புறம் நடுவுல என்ன ஆச்சு? 2012 வரைக்கும் ஒண்ணுமே இல்லையா?

#14 – கிட்வே வாத்தியார்

நல்ல கேள்வி. எல்லோரும் தாண்டிப் போகும் இடம் இதுதான்.

சில வாரங்களில் புது அணி சேர்த்தார்கள். பையன்களை டென்மார்க்குக்கு அழைத்துப் போய்ப் பயிற்சி கொடுத்தார்கள். கலுஷா கேப்டன். ஜூலை 4, லுசாகாவில் மொராக்கோவோடு முதல் ஆட்டம். மொராக்கோ முதலில் கோல் போட்டது. கலுஷா ஒரு ஃப்ரீ கிக்கில் சமன் செய்தார். அப்புறம் ஜான்சன் புவால்யா, 2-1. அன்று கிட்வே தெருக்களில் நடந்ததை எழுத எனக்குத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே அழுதார்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அக்டோபரில் காசாபிளாங்காவில் மறு ஆட்டம். டிரா செய்தால்கூட உலகக் கோப்பைக்குப் போயிருப்பார்கள். 1-0 தோல்வி. 1994 ஏப்ரலில் துனிஸில் ஆப்பிரிக்கக் கோப்பை பைனல் வரை வந்தார்கள், விபத்து நடந்து முழுதாக ஒரு வருடம்கூட ஆகவில்லை. எலைஜா லிட்டானா மூன்றாம் நிமிடத்திலேயே கோல் போட்டார். நைஜீரியாவின் அமுனிகே இரண்டு போட்டு முடித்துவிட்டார். என்னைக் கேட்டால் 2012ஐவிடப் பெரிய காரியம் அந்தப் பைனலுக்கு வந்ததுதான். கோப்பை கிடைக்காததால் யாரும் பேசுவதில்லை.

பிறகு சுரங்கங்களைத் தனியாருக்கு விற்றார்கள். பழைய கம்பெனி போனதும் கிளப்புகளைத் தாங்கிய கை போய்விட்டது. நான் ஊர் திரும்பிய காலத்தில் பல மைதானங்களில் புல் கருகிக் கிடந்தது. அந்த நிலையிலிருந்து 2010இல் காலிறுதி, 2012இல் கோப்பை. பாலா சொல்வது சரி, அது தானாக நடந்தது இல்லை.

ஆனால் முத்தரசி சொல்வதும் சரி. நம்மில் நீத்தார் கடன் என்று ஒரு சொல் உண்டே. செய்து முடிக்கும்வரை வீட்டில் ஒரு பாரம் இருக்கும். அந்த நாட்டில் 19 வருடம் அந்தப் பாரம் இருந்ததை நான் அறிவேன். என் மாணவன் ஒருவன், அப்போது நாற்பதை நெருங்கியவன், பைனல் முடிந்த இரவே எனக்குப் போன் செய்தான். கோப்பையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "சார், முட்டாலே" என்று மட்டும் சொன்னான்.

#15 – முத்தரசி

ஐயா, நான் தேடிட்டு இருந்த வார்த்தை அதுதான். விதி இல்ல, கடன். விதின்னா நாம கையைக் கட்டிட்டு நிக்கலாம். கடனை யாராவது செஞ்சே ஆகணும்.

#16 – வடகரை பாலா

இதற்கு மேல் எனக்கு வாதம் இல்லை முத்தரசி. இழையின் தலைப்பையே தப்பாக வைத்துவிட்டேன் என்று தோன்றுகிறது. மாற்றவில்லை, அப்படியே இருக்கட்டும், இல்லாவிட்டால் கீழே உள்ள பதில்கள் புரியாது.

ஒரு காட்சி மட்டும். பைனல் ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே இடது பின்வரிசை ஆட்டக்காரர் ஜோசப் முசோண்டா காயம்பட்டு அழுதுகொண்டே வெளியே போனார். எல்லாம் முடிந்து மற்றவர்கள் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது அவரால் நடக்க முடியவில்லை. ரெனார் அவரைக் கைக்குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு போய்க் கூட்டத்தின் நடுவே விட்டார். வெள்ளைச் சட்டை முழுக்க வியர்வை. பெரும்பாலான வீடியோத் தொகுப்புகள் சுன்சுவின் கிக்கோடு நின்றுவிடுகின்றன. முழு ஒளிபரப்பு கிடைத்தால் அதற்குப் பிறகும் பாருங்கள்.

#17 – மஞ்சள் ஜெர்சி

அதுக்கப்புறம் ஜாம்பியா என்ன ஆச்சு?

#18 – வடகரை பாலா

அடுத்த வருடமே தென்னாப்பிரிக்காவில் மூன்று டிராவோடு முதல் சுற்றிலேயே வெளியேறினார்கள். 2015லும் முதல் சுற்றோடு சரி. அதற்குப் பிறகு மூன்று தொடருக்குத் தகுதியே பெறவில்லை. ரெனார் 2015இல் கோப்பையை மறுபடி ஜெயித்தார், இந்த முறை ஐவரி கோஸ்டுக்காக. மைதானம் எது தெரியுமா? பாட்டா. ஜாம்பியா கானாவைத் தோற்கடித்த ஊர். அன்றும் பெனால்டிதான், எதிரில் அதே கானா.

#19 – பந்துபொறுக்கி

சார், அந்தச் சமாதி இன்னும் இருக்கா? யாராவது போனா பார்க்கலாமா?

#20 – கிட்வே வாத்தியார்

இருக்கிறது தம்பி, ஹீரோஸ் ஏக்கர் என்பார்கள். பக்கத்திலேயே புதிதாக ஒரு பெரிய மைதானம் கட்டி, அவர்கள் நினைவாக நேஷனல் ஹீரோஸ் ஸ்டேடியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தேசிய அணி அங்கேயும் ஆடியிருக்கிறது. லுசாகா போனால் ஆட்டம் இல்லாத நாளில் போ. கூட்டம் இருக்காது, ஒவ்வொரு பெயராக நின்று படிக்கலாம். ஆட்டக்காரர்கள் பெயரோடு நிறுத்திவிடாதே, விமானம் ஓட்டியவர்கள் பெயரையும் படி.